இருதயத்துக்கு ஒரு கதவு

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் அத்திப்பள்ளி வந்துவிட்டால் கன்னட நாடு. இன்னும் சிறிது தூரம் போனால் பொம்மசந்திரா. வழி நெடுகத் தொழிற்சாலைகள்தாம். இந்தப் பக்கம் லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், பிரஷர் குக்கர் செய்கிறார்கள். அந்தப் பக்கம் மருந்தும் மின்சார சாமான்களும் செய்கிறார்கள். இவ்வளவு யந்திர சத்தத்துக்கு நடுவிலே, சாலையோரமாக ஒரு பெரிய இருதய ஆஸ்பத்திரி நிற்கிறது. டாக்டர் தேவி ஷெட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஜனங்கள் "நெஞ்சு ஆஸ்பத்திரி" என்று சொல்லி, துணி மூட்டையும் டிபன் பாக்ஸுமாக பஸ் ஏறி அங்கே போகிறார்கள்.

யந்திரங்களுக்கு நடுவே இருதயத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நான் கதை எழுதிப் பிழைப்பவன். வைத்தியமும் படித்ததில்லை, யந்திரசாஸ்திரமும் படித்ததில்லை. இருதயம் என்றால் எங்கள் வர்க்கத்துக்கு அது உருகும், துடிக்கும், உடையும், பறிபோகும், அவ்வளவுதான் தெரியும். ஆனால் இந்த விஷயத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்த பிறகு, அந்த ஆஸ்பத்திரி மிகப் பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது. மனிதனுடைய இருதயத்துக்குள் யந்திரத்தை வைத்த கதை, பாதி வைத்தியர்களின் கதை. மறு பாதி பட்டறைக்காரர்களின் கதை.

இருதயம் நான்கு அறைகள் கொண்ட வீடு. நான்கு கதவுகள் உண்டு. எல்லாம் ஒரு பக்கமாகத் திறக்கிற கதவுகள். ரத்தத்தைப் போக விடும், திரும்ப விடாது. நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். அப்படியானால் வருஷத்துக்கு மூன்றரைக் கோடித் தடவைக்கு மேல். எந்தத் தச்சன் செய்த கதவு இதைத் தாங்கும்?

இந்தக் கதவுகளைக் கெடுப்பதற்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வரும். நாலு நாளில் போய்விடும். தாயார் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவாள். சில குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்து மூட்டு வீங்கும், ஜுரம் வரும். அதுவும் போய்விடும். ஆனால் அது போகும்போது இருதயத்தின் கதவைக் கடித்துவிட்டுப் போகும். ருமாட்டிக் ஜுரம் என்று பெயர். நெருக்கடியான வீடுகளில் வளரும் ஏழைக் குழந்தைகளைத்தான் அது அதிகமாகத் தேடி வரும். இருபது இருபத்தைந்து வயதில், கல்யாணமாகி முதல் குழந்தையைச் சுமக்கும்போது, ஒரு பெண்ணுக்குத் திடீரென்று மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும். அப்போதுதான் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, கதவு கெட்டுப் போயிற்று என்பார்.

கெட்ட கதவை எடுத்துவிட்டுப் புதுக் கதவு போட முடியுமா? 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் நகரத்தில் டாக்டர் சார்லஸ் ஹஃப்நாகல் என்பவர் ஒரு வேலை செய்தார். அப்போது இருதயத்தைத் திறந்து வைத்து நிதானமாக வேலை பார்க்க யந்திர வசதி கிடையாது. ஆகவே இருதயத்துக்கு வெளியே, முதுகுப் பக்கமாக இறங்கும் பெரிய ரத்தக் குழாயில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிட்டார். ரத்தம் வந்தால் பந்து நகரும். நின்றால் திரும்பி வந்து அடைக்கும். நோயாளி பிழைத்தார். ஆனால் அவர் மார்பிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

எட்டு வருஷம் கழித்து, 1960-ல், போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் ரண சிகிச்சை டாக்டர் இருதயத்துக்குள்ளேயே கதவை மாற்றினார். அவருக்குக் கதவு செய்து கொடுத்தவர் லோவெல் எட்வர்ட்ஸ். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என்ஜினீயர். தண்ணீர், எண்ணெய் பம்புகளில் ஆயுளைக் கழித்தவர். இருதயமும் ஒரு பம்புதானே, முழுசாக ஒரு செயற்கை இருதயமே செய்துவிடலாம் என்று வந்தாராம். முதலில் ஒரு கதவைச் செய்யுங்கள் என்று ஸ்டார் சொன்னார். முதல் நோயாளி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்தவர் பல வருஷம் வாழ்ந்தார். வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது கீழே விழுந்து இறந்தார். கதவு கடைசி வரை வேலை செய்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. பிராணனைக் காப்பாற்றுவதற்காக உள்ளே வைத்த பொருளே பிராணனுக்கு யமனாக வந்தால் என்ன செய்வது? அதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஸ்டாரின் கூண்டுக்குள் இருந்த சிலிக்கோன் பந்து ரத்தத்திலிருக்கும் கொழுப்பைக் குடித்தது. சிலருக்கு அது உப்பிப்போய்க் கூண்டில் சிக்கிக்கொண்டது. சிலருக்குக் கீறல் விட்டது. சிலிக்கோனைப் பக்குவப்படுத்தும் முறையை மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது. பிறகு பந்துக்குப் பதிலாகத் தட்டு வந்தது. இரண்டு கம்பி வளையங்களுக்கு நடுவே ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறக்கும், நிமிர்ந்து மூடும். ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் பியோர்க்கும் அமெரிக்க என்ஜினீயர் ஷைலியும் சேர்ந்து செய்த இந்தக் கதவு உலகமெங்கும் பரவியது. ரத்தம் இன்னும் தாராளமாகப் போகட்டும் என்று தட்டின் வளைவை மாற்றி, 1979-லிருந்து புதிய மாதிரி ஒன்றை விற்றார்கள். ஏறத்தாழ 86,000 பேருடைய மார்புக்குள் அது போய்ச் சேர்ந்தது.

அந்த மாதிரியில் ஒரு கம்பி வளையம் கூட்டோடு சேர்ந்தாற்போலவே வார்த்தது. மற்றொன்று, இரண்டு இடத்தில் பற்றவைத்து ஒட்டியது. ஒட்டிய கம்பி சிலருக்கு ஒடிந்தது. ஒடிந்தவுடன் தட்டு கழன்று ரத்தத்தோடு ஓடிவிடும். கதவில்லாத வீட்டில் வெள்ளம் புகுந்தாற்போல, போன ரத்தமெல்லாம் திரும்பி வரும். நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். பாக்கியசாலியாக இருந்தால் சில மணி நேரம். அறுநூறு பேருக்கு மேல் இப்படி ஒடிந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இறந்துபோனார்கள். 1986-ல் அந்தக் கதவு சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்று விசாரித்து அறிக்கை வெளியிட்டது. கீறல் விட்ட ஒட்டுகளைச் சரிவரப் பற்றவைக்காமல் மெருகு மட்டும் போட்டு அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

ஓசூரில் எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பட்டறை நெருப்பைப் பார்த்த கண். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"இரும்பு அவ்வளவு லேசில் உடையாதுங்க, சார். உடைஞ்சா ஒட்டுக்குப் பக்கத்திலேதான் உடையும். சூடு பட்ட இடம் பாருங்க, அங்கே அதுக்குக் குணம் மாறிப்போகும். மேலே மெருகு போட்டா பூ மாதிரி இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு பாரம் ஏத்தினாத்தானே தெரியும்?" என்றார்.

மார்புக்குள் பாரம் ஏற்றிப் பார்ப்பது எப்படி? கதவு ஒடிந்த பிறகு செய்ய வேண்டியதில் சந்தேகம் இல்லை. உடனே மார்பைத் திறந்து வேறு கதவு போட வேண்டும். தட்டு எங்கே போய்ச் சிக்கிற்று என்று தேடி எடுக்க வேண்டும். ஆனால் இன்னும் ஒடியாத கதவோடு, காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்களை என்ன செய்வது? விட்டு வைத்தால் என்றைக்கோ ஒடியலாம். ஆயுள் முழுவதும் ஒடியாமலும் போகலாம். எடுத்து மாற்றலாம் என்றால் அந்த ஆபரேஷனிலேயே சிலர் இறப்பார்கள். கதவின் அளவு, எந்த அறையில் இருக்கிறது, நோயாளியின் வயது என்று கணக்குப் போட்டு, இன்னாருக்கு மாற்று, இன்னாருக்கு மாற்றாதே என்று டாக்டர்கள் தீர்மானித்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், "உங்களை மறுபடியும் அறுக்கலாமா?" என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் தடவை மார்பைத் திறப்பது முதல் தடவையைப் போல அல்ல. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறிய புண், இருதயத்தையும் நெஞ்செலும்பையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எலும்பை ரம்பத்தால் அறுக்கும்போது அதன் அடியில் ஒட்டியிருக்கும் இருதயமே கிழியலாம். ஆகையால் அனுபவசாலிகள் முதலில் தொடையிலுள்ள ரத்தக் குழாய்களை வெளியே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார்கள். அசம்பாவிதம் நேர்ந்தால், அந்த வழியாக இருதய யந்திரத்தை இணைத்து ரத்தத்தை ஓட்டிவிடலாம். பிறகு ஒட்டை மெள்ள மெள்ளப் பிரிப்பார்கள். அது மணிக்கணக்காகும். ஒட்டு விட்டதால் வந்த வினை ஒரு பக்கம். ஒட்டு விடாததால் வரும் வினை மறு பக்கம்.

இனி நம்முடைய நாட்டுக் கதைக்கு வருவோம். ஹஃப்நாகலிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் மாவேலிக்கரையில் 1934-ல் பிறந்த மலையாளி டாக்டர் எம். எஸ். வலியத்தான். 1973-ல் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தார் அளித்த கட்டடத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. வலியத்தான் அதன் தலைமையை ஏற்றார். அந்தக் காலத்தில் செயற்கைக் கதவு என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதன் விலையைக் கேட்டாலே ஏழைக்கு நெஞ்சு வலி வந்துவிடும். வலியத்தான் நாமே செய்தால் என்ன என்று கேட்டார். பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையைப் பட்டறையாக்கிக்கொண்டு, டாக்டர்களும் என்ஜினீயர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

செய்த முதல் கதவு தோற்றது. பரீட்சை யந்திரத்தில் ஓட்டிப் பார்த்தபோது, பற்றவைத்த இடத்தில் டைட்டேனியம் ஒடிந்தது. வெல்டர் சொன்ன அதே சாஸ்திரம்! அடுத்ததில் தட்டைச் செயற்கை நீலக்கல்லால் செய்தார்கள். நவரத்தினங்களில் ஒன்றல்லவா, அதற்குத் தேய்மானம் ஏது? கல் தேயவில்லை, அது உராய்ந்த டைட்டேனியம் தேய்ந்தது. மூன்றாவதில் உலோகத்தை மாற்றினார்கள். யந்திரப் பரீட்சையில் தேறிற்று. செம்மறியாட்டுக்கு வைத்தார்கள். ஆட்டின் இருதயத்துக்குள் நீலக்கல் உடைந்தது.

பத்து வருஷ உழைப்பும் ஜனங்களின் வரிப்பணமும் போய், கையில் மிச்சம் உடைந்த கல். இந்த இடத்தில் பெரும்பாலோர், "அந்நிய நாட்டுக் கதவே போதும்" என்று போயிருப்பார்கள். இவர்கள் நாலாவது கதவு செய்தார்கள். கூண்டு முழுவதையும் கோபால்ட் கலந்த ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தார்கள், ஒட்டே கிடையாது. தட்டை எதனால் செய்தார்கள் தெரியுமா? பாலிஎதிலீன்! நம் வீட்டுக் குடமும் பையும் செய்கிற வம்சத்துச் சரக்கு. ஆனால் அந்த வம்சத்தில் மிகக் கெட்டியான பிள்ளை அது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கும்போது கிண்ணமாக உபயோகிப்பது. நீலக்கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் ஜெயித்தது. மோதினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணம் அதற்கு இருந்தது. விறைப்பாக நிற்கிறவனைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறவன் நீடிப்பான் என்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, இருதயத்துக்கும் பொருந்துகிறது.

1990 டிசம்பரில் அந்தக் கதவு முதல் முதலாக ஒரு மனிதருக்கு வைக்கப்பட்டது. 1995 ஜனவரிக்குள் ஆறு ஆஸ்பத்திரிகளில் 306 பேருக்கு வைத்துக் கவனித்தார்கள். தயாரித்து விற்கும் பொறுப்பை டி. டி. கே. குழுமம் எடுத்துக்கொண்டது. ஓசூரில் பிரஷர் குக்கர் செய்கிறார்களே, அந்தக் குழுமம்தான். கதவுகள் திருவனந்தபுரத்தில் தயாராகின்றன. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தாயிற்று. நம் சமையலறையில் விசில் அடிக்கும் குக்கரைப் பார்க்கும்போது இனி ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு வால்வு உண்டு. அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்த இல்லத்தரசியையும் கேட்டால் சொல்லுவாள். அதற்காகத்தான் மூடியில் பத்திரத்துக்கென்று இன்னொரு அடைப்பான் வைத்திருக்கிறார்கள். இருதயத்தின் கதவுக்கு அந்த இரண்டாவது அடைப்பான் கிடையாது.

ஒடியாத கதவுக்கும் சத்துரு உண்டு. ரத்தத்துக்கு அந்நியப் பொருளைக் கண்டால் ஆகாது. அதன் மேல் உறைந்துவிடப் பார்க்கும். உறைந்த கட்டி கதவின் கீலைப் பிடித்துக்கொண்டால் கதவு அசையாது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகையால் உலோகக் கதவு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. அவற்றில் பெயர் பெற்ற வார்ஃபரின் 1948-ல் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தாயிற்று. அதிகமானால் ரத்தம் நிற்காமல் ஒழுகும். குறைந்தால் கதவு அடைக்கும். ஆகவே அடிக்கடி ரத்தத்தைப் பரீட்சித்து அளவை மாற்ற வேண்டும். சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. கீரையில் உள்ள ஒரு சத்து இந்த மருந்துக்கு எதிரி. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. கீரையை விட வேண்டாம். ஆனால் இந்த வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று சாப்பிடக் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள்.

கதவு அடைத்தால் மறுபடியும் மார்பைத் திறந்து கட்டியை எடுக்கலாம், அல்லது கதவையே மாற்றலாம். கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியாக ஏற்றிப் பார்க்கலாம். மருந்தால் அறுக்காமல் தப்பலாம். ஆனால் கரைந்த துணுக்கு மூளைக்குப் போகும் அபாயம் இருக்கிறது. எது மேல் என்று டாக்டர்கள் நெடுங்காலமாக வாதாடியிருக்கிறார்கள். நோயாளிக்கு வரும் முதல் அறிகுறி என்ன தெரியுமா? மூச்சு வாங்குவதும், நிசப்தமும். உலோகக் கதவு கடிகாரம் போலச் சத்தமிடும். ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக்கூடக் கேட்கும். அந்தச் சத்தம் மங்கினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. "டக், டக்" என்ற சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கல்யாணமான புதிதில் சலித்துக்கொண்ட கணவன், பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்குவான். நான் கதையில் எழுதினால் மிகை என்பீர்கள்.

இருதயத்துக்குள் வைக்கும் இன்னொரு யந்திரத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. துடிப்பு தவறும் இருதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் பேஸ்மேக்கர். 1958 அக்டோபர் 8-ந் தேதி ஸ்டாக்ஹோமில் டாக்டர் ஓக்கே சென்னிங், ஆர்னே லார்சன் என்ற 43 வயது மனிதருக்கு அதை முதல் முதலாக உடம்புக்குள் வைத்தார். செய்து கொடுத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற என்ஜினீயர். பூட்ஸ் பாலிஷ் டப்பியை அச்சாக வைத்து, அதில் பிசினை வார்த்துச் செய்தாராம். அந்த யந்திரம் சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. ஆயுளில் 26 பேஸ்மேக்கர் மாற்றிக்கொண்டார். தம்மைப் பிழைக்கவைத்த டாக்டரும் என்ஜினீயரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001-ல் 86-வது வயதில் வேறு வியாதியால் இறந்தார்.

அந்த யந்திரத்திலிருந்து இருதயத்துக்குப் போகும் கம்பிதான் பிற்காலத்தில் டாக்டர்களை வாட்டிற்று. வைத்த இடத்தில் சீழ் பிடித்தால், மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. யந்திரமும் கம்பியும் அடியோடு வெளியே வந்தாக வேண்டும். வருஷக்கணக்காக உள்ளே கிடந்த கம்பியைச் சதை வேர் பிடித்தாற்போல் பற்றியிருக்கும். ஆரம்ப காலத்தில் கம்பியின் நுனியில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிட்டு, நோயாளியைப் படுக்கவைத்துவிடுவார்கள். கிணற்றில் வாளி இறைப்பது போல! பிறகு கம்பிக்குள்ளேயே நுழைந்து பூட்டிக்கொள்ளும் மெல்லிய கம்பி வந்தது. ஒட்டிய சதையை ஒளியாலே அறுக்கும் லேசர் குழல் வந்தது. அப்படியும், கம்பியோடு பெரிய ரத்தக் குழாய் கிழிந்தால் நிமிஷத்தில் உயிர் போய்விடும். அதனால் அந்த வேலை நடக்கும்போது, மார்பைத் திறக்க ரண சிகிச்சை டாக்டர் தயாராகக் காத்திருப்பார். நமது நாட்டுக்கென்று ஒரு குறிப்பு: இறந்தவரைத் தகனம் செய்வதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள பேட்டரி நெருப்பில் வெடிக்கும்.

இவ்வளவையும் படித்தபின் சிலருக்கு, "உள்ளே ஒன்றும் வைக்காமலிருப்பதே மேல்" என்று தோன்றலாம். அப்படி நினைப்பது தவறு. கதவு கெட்டுப்போன பெண்ணை அப்படியே விட்டுவிட்டால், அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் நாளைப் பார்க்கவே மாட்டாள். செயற்கைக் கதவு அவளுக்கு வருஷங்களைக் கொடுக்கிறது. ஆனால் ஆபரேஷனோடு கடன் தீர்ந்தது என்று மட்டும் நினைக்கக் கூடாது. பட்டறையில் மெருகு போடுகிறவன் முதல், பரிசோதனைச் சாலையில் ரத்தம் பார்க்கிறவர் வரை, வீட்டில் மாத்திரையை எடுத்து நீட்டுகிற மாமியார் வரை, அத்தனை பேரும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறார்கள். ஒருவர் ஏமாற்றினாலும் கதவு நின்றுவிடும்.

கிருஷ்ணகிரி ஜில்லா 2004-ல்தான் பிறந்தது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, மருந்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் அரசாங்கத் திட்டம் இந்த ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில்தான் ஆரம்பமாயிற்று. அது ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் என்று ஏற்பட்டது. 2022-ல் கிருஷ்ணகிரிக்கு அரசாங்க மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இனி ஒரு படி மேலே போய், கதவு வைத்துக்கொண்டவர்களின் ரத்தத்தைக் கிராமத்திலேயே பரீட்சித்துச் சொல்ல ஆள் இருந்தால், அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிஞ்சும். "இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிற பழக்கமும் விலகும். அந்த ஒரு மாதத்தில்தான் கதவு அடைக்கிறது.

அதற்கும் முந்தின காரியம் ஒன்று இருக்கிறது. குழந்தைக்குத் தொண்டைப் புண்ணும் ஜுரமும் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ருமாட்டிக் ஜுரம் ஒரு தடவை வந்த குழந்தைக்கு, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டு வந்தால், மறுபடியும் அது வந்து கதவைக் கடிக்காமல் தடுக்கலாம். பழைய மருந்து, மலிவான மருந்து. நீலக்கல்லும் டைட்டேனியமும் கோபால்ட்டும் கொண்டு மனிதன் படாத பாடு பட்டுச் செய்கிற கதவைவிட, கடவுளோ இயற்கையோ முதலில் மாட்டி அனுப்பிய கதவு எவ்வளவோ உயர்த்தி. அதற்கு ஒட்டும் இல்லை, சத்தமும் இல்லை.